புதுக் கருவி யோசனை: நகையை அடகு வைப்பதற்கு முன்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு தாயும் மகனும் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மகனுக்கு 24 வயது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்து, கிரில் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். கல்யாண நாட்களில் தாய்மாமனோடு பிரியாணி சமையலுக்குப் போவார். தாய் கையில் ஒரு துணிப்பை. பேச்சு முடியும் வரை அந்தப் பையை மடியிலிருந்து அவர் இறக்கவே இல்லை.

"பாய், 85,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் வேணும். கிடைக்காதுன்னா சொல்லிடுங்க, என் சங்கிலியை வச்சிடலாம்னு கொண்டு வந்திருக்கேன்" என்றார்.

எதற்கு என்று கேட்டோம். மகன் கைபேசியை நீட்டினார். அதில் அவர் செய்த ஒரு கருவியின் படம். தேக்சாவைச் சாய்க்கும் இரும்புத் தாங்கி. பிரியாணிக்கு அரிசியை அரைவேக்காட்டில் வடிக்கும் நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பது சமையல்கட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். 20 கிலோ அரிசி, அது கொதிக்கும் தண்ணீர், பாத்திரத்தின் எடை எல்லாம் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் சாக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு சாய்ப்பார்கள். ஒருவர் கை வழுக்கினால் போதும். சென்ற வருடம் அப்படித்தான் இந்தத் தம்பியின் மாமாவுக்கு இரண்டு கால்களும் வெந்து, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் தோன்றியதுதான் இந்த யோசனை. தேக்சாவின் விளிம்பை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் தாங்கி. பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் பாத்திரம் மெதுவாகச் சாயும். கையை விட்டாலும் பாத்திரம் அதே நிலையில் நிற்கும். வேலை முடிந்ததும் தாங்கியை மடித்துச் சின்ன வண்டியில் ஏற்றிவிடலாம்.

நல்ல யோசனை. எங்களில் ஒருவர் உடனே "மாஷா அல்லாஹ்" என்றார். ஆனால் கேட்ட 85,000 ரூபாய் அந்தக் கருவியைச் செய்ய அல்ல. பெரிய நகரத்தில் உள்ள ஒரு ஏஜென்சி தொலைபேசியில் பேசி, "உலகக் காப்புரிமை வாங்கித் தருகிறோம், அதன் பிறகு கம்பெனிகள் உங்களைத் தேடி வரும்" என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டணம்தான் இது. முன்பணம் கட்ட மூன்று நாள் கெடு.

கடனை நாங்கள் மறுக்கவில்லை. ஒத்திவைத்தோம். சங்கிலியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம். ஏன் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு இந்த ஐந்து வாரங்களில் அந்தத் தம்பியோடு சேர்ந்து நாங்கள் கற்றதையும் இங்கே எழுதுகிறோம். கை வேலை தெரிந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் நிறைய. இப்படி ஒரு யோசனை இன்னொரு வீட்டிலும் இருக்கும்.

உலகக் காப்புரிமை என்று ஒன்று இல்லை

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். காப்புரிமை என்பது ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் தரும் உரிமை. இந்தியாவில் பெற்றது இந்தியாவில் மட்டுமே செல்லும். பல நாடுகளில் உரிமை கேட்க விரும்புபவர் ஒரே சர்வதேச விண்ணப்பம் போட்டு வைக்கும் வழி உண்டு. ஆனால் அது கால அவகாசம் மட்டுமே தரும். கடைசியில் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே விண்ணப்பித்து, தனித்தனியே பணம் கட்டி, அந்தந்த அலுவலகம் ஆராய்ந்த பிறகுதான் உரிமை கிடைக்கும். "உலகம் முழுவதற்கும் வாங்கித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனி மனிதர் ஒருவர் இணையவழியில் விண்ணப்பம் போட அரசுக்குக் கட்ட வேண்டியது 1,600 ரூபாய். ஆம், ஆயிரத்து அறுநூறுதான். வரைவை எழுதித் தரும் காப்புரிமை முகவரின் கூலி தனி. அது ஆளுக்கு ஆள் மாறும், பேசிக்கொள்ளலாம்.

கருவி முழுமை அடைவதற்கு முன்பே போடக்கூடிய "தற்காலிக விவரக் குறிப்பு" என்று ஒரு விண்ணப்பம் உண்டு. கருவி என்ன, எந்த வகையில் புதிது, எப்படி வேலை செய்கிறது என்பதைப் படத்தோடு எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம். அந்த 12 மாதத்தில் செய்து பார்க்கலாம், உடைத்துத் திருத்தலாம், விற்குமா என்றும் பார்க்கலாம். தேறாது என்று தெரிந்தால் விட்டுவிடலாம். போனது சிறு தொகை.

விண்ணப்பம் போட்டதாலேயே காப்புரிமை கிடைத்துவிடாது. ஆய்வு செய்யும்படி தனியாகக் கோரிக்கை வைக்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட விதிப்படி இதற்கான கெடு 31 மாதம். தனி மனிதருக்குக் கட்டணம் 4,000 ரூபாய். கெடு தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும், ஆண்டுக் கட்டணங்களைத் தவறாமல் கட்டி வந்தால்.

அது தரும் உரிமை என்ன? உங்கள் அனுமதி இல்லாமல் மற்றவர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமை. தடுக்க நீங்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்து எந்தக் கம்பெனியும் தேடி வருவதில்லை. விற்கும் பொருளைப் பார்த்துத்தான் வருவார்கள்.

முன்பே இருக்கிறதா?

அந்தத் தம்பியிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி இது. "எங்கேயும் இல்லை பாய், நான் பார்த்ததே இல்லை" என்றார். நாம் பார்க்காதது உலகத்தில் இல்லாதது ஆகாதே. அன்று மாலையே உட்கார்ந்து தேடினோம். கூகுள் பேடன்ட்ஸ் என்ற தளத்திலும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் காசில்லாமல் தேடலாம். அரை மணி நேரத்தில் அவர் முகம் வாடிவிட்டது. விடுதிகளிலும் பெரிய உணவுக்கூடங்களிலும் சாய்க்கக்கூடிய பெரிய கொதிகலன்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. சக்கரம் சுற்றிச் சாய்ப்பவையும் அவற்றில் உண்டு.

அப்படியானால் யோசனை செத்துவிட்டதா? இல்லை. அந்தக் கொதிகலன்கள் தரையில் பதிக்கப்பட்டவை, பாத்திரமும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தவை. நம் தம்பியின் தாங்கியோ சமையல்காரர் ஏற்கெனவே வைத்திருக்கும் எந்த அளவு தேக்சாவையும் கவ்வும், மடங்கும், கல்யாண மைதானத்துக்குப் பயணமும் போகும். புதுமை இருந்தால் அது அந்தக் கவ்வியிலும் மடக்கும் முறையிலும்தான் இருக்க வேண்டும். "சாய்ப்பது" என்ற எண்ணத்தை அவர் உரிமை கொண்டாட முடியாது. தெரிந்த கருவிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, இரண்டும் தன் தன் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பாகச் சட்டம் ஏற்பதில்லை. பரம்பரையாக நம்மிடம் இருக்கும் அறிவுக்கும் காப்புரிமை இல்லை. இது தெரியாமல் 85,000 கட்டியிருந்தால், இரண்டு மூன்று வருடம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. விண்ணப்பம் போடும் முன் கருவியை யூடியூபிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போட்டு ஊருக்குக் காட்டினால், அது புதியது என்ற தகுதியையே இழக்க நேரிடும். உங்கள் சொந்த வீடியோவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். இந்தத் தம்பி மாமாவுக்கும் அந்த ஏஜென்சிக்கும் மட்டுமே காட்டியிருந்தார். வேலை பார்க்கும் பட்டறையில், முதலாளியின் இரும்பையும் இயந்திரத்தையும் கொண்டு செய்திருந்தார் என்பது இன்னொரு சிக்கல். நாங்கள் முதலாளியைச் சந்தித்தோம். நல்ல மனிதர். "யோசனை பையனுடையது, எனக்கு அதில் பங்கில்லை, இரும்பு விலையை மட்டும் தரட்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனாலும் நமக்குள் "தெரிந்தவர்தானே" என்று வாய்ப்பேச்சோடு விட்டு, பின்னால் மனக்கசப்பில் முடிந்தவை எத்தனை!

இரண்டு மண்பானைகள்

யோசனை பெரிதா, அதைப் பொருளாக்குவது பெரிதா? இதை விளக்க அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சொன்ன இரண்டு உண்மைக் கதைகளை உங்களுக்கும் சொல்கிறோம். இரண்டிலும் கருவி ஒன்றேதான், மண்பானை.

முதலாவது நைஜீரியாவின் வடக்கே, சஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் உள்ள ஜிகாவா மாநிலத்தில் நடந்தது. முஹம்மத் பாஹ் அப்பா ஓர் ஆசிரியர். பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பகுதிக் கிராமங்களில் மின்சாரம் இல்லை. பறித்த காய்கறி இரண்டு மூன்று நாளில் அழுகிவிடும். அழுகுமுன் விற்றாக வேண்டும் என்பதால் வீட்டுப் பெண் பிள்ளைகள் தினமும் தலைச்சுமையோடு விற்கப் போனார்கள். பள்ளிக்கூடம் நின்றுபோனது. 1990-களின் நடுவில் அவர் ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியை ஈர மணலால் நிரப்பி, மேலே ஈரத் துணியால் மூடினார். மணலில் உள்ள நீர் வெளிப்பானையின் சுவர் வழியே கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் தாங்கியது. தக்காளி மூன்று வாரம் இருந்தது.

இந்தத் தத்துவம் புதிதல்ல. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாஹ் அப்பாவின் பெருமை அதற்குப் பிறகு வந்ததில் இருக்கிறது. வேலையில்லாமல் இருந்த குயவர்களை அமர்த்தி முதலில் 5,000 பானைகள் செய்து கிராமங்களில் இலவசமாகக் கொடுத்தார். எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குத் துண்டுப் பிரசுரம் உதவாது என்பதால், உள்ளூர் நடிகர்களை வைத்து ஒரு நாடகம் எடுத்து, ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டினார். 2000-ஆம் ஆண்டு அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. அந்தப் பணத்தையும் பானைகளைப் பரப்பவே செலவிட்டார். 2010-இல் காலமானார். பொருள் விற்கும் காலம் நீண்டதால், அன்றாடம் தெருவில் அலைய வேண்டிய நிலை மாறி, பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடிந்தது.

இரண்டாவது குஜராத்தின் வாங்கனேர். மன்சுக்பாய் பிரஜாபதி குயவர் வீட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் தோற்று, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, ஓட்டுத் தொழிற்சாலையில் மண் வேலை கற்றவர். 2001 பூகம்பத்தில் அவர் செய்து வைத்திருந்த மண்பாண்டங்கள் உடைந்தன. உடைந்த பானையின் படத்தைப் போட்டு "ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்தது" என்ற பொருளில் ஒரு நாளிதழ் தலைப்பிட்டது. ஏழைக்கு நிஜமாகவே ஒரு ஃபிரிட்ஜ் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது ஒரு கணத்தில். செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. மண்ணும் மணலும் எந்தக் கலவையில் சேர வேண்டும், எவ்வளவு சூட்டில் சுட வேண்டும், சுவரில் நீர் கசியவும் வேண்டும் உள்ளே சொட்டவும் கூடாது, கதவு பொருந்த வேண்டும். ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி செய்து பார்த்தார். கடனிலும் சிக்கினார். அகமதாபாத்தைச் சேர்ந்த, எளிய மக்களின் கண்டுபிடிப்புகளுக்குத் துணை நிற்கும் அமைப்புகள் கை கொடுத்தன. 2005 வாக்கில் "மிட்டிகூல்" என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே காய்கறி வைக்கத் தட்டுகள், முன்னால் கதவு. மின்சாரம் தேவையில்லை.

ஒரே தத்துவம்தான். ஒருவர் அதைக் கொடுத்துப் பரப்பினார், மற்றவர் அலமாரி வடிவம் கொடுத்து விற்றார். இருவரும் தங்கள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிந்தே செய்தார்கள்.

இதைக் கேட்ட அந்தத் தாய் ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பானையை நம்ம ஊர்லயும் செய்யலாமே?" நல்ல கேள்வி. இந்தக் குளிர்ச்சி வறண்ட காற்றில்தான் நன்றாக வரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் சரியாக ஆவியாகாது, உள்ளேயும் குளிராது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் கோடையில் ஓரளவு பலன் தரும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடல் காற்று வீசும் நாளில் ஏமாற்றிவிடும். ஜிகாவாவில் ஜெயித்த பொருள் நாகூரில் தோற்கலாம். எங்கே, யார் கையில் பயன்படப் போகிறதோ அங்கேயே சோதிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரியான ஆளிடம், சரியான கேள்வி

சோதனை என்றதும் கோவை அருணாசலம் முருகானந்தத்தின் நினைவு வராமல் போகாது. பெண்களுக்கான மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்து 2016-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவிய இந்திப் படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். படத்தில் பாராட்டுத்தான் பெரிதாகத் தெரியும். எங்களுக்கு அவர் பட்ட தோல்விகளே பாடமாகத் தெரிகின்றன.

1998-இல் அவர் செய்த முதல் நாப்கின் வெறும் பஞ்சு. மனைவியே அது உதவாது என்று சொல்லிவிட்டார். சோதிக்க ஆள் கிடைக்கவில்லை. வெளியில் பேசவே கூச்சப்படும் விஷயம் அல்லவா? மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துத் தாள் நிரப்பச் சொன்னார். ஒரு நாள் போய்ப் பார்த்தால், ஓரிரு மாணவிகள் உட்கார்ந்து எல்லோருடைய தாளையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! அத்தனை நாள் சேர்த்த கருத்துகள் எல்லாம் பொய். ஊர் பழித்தது, மனைவியும் தாயும் பிரிந்து போனார்கள். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது பஞ்சு அல்ல, மரக்கூழ் இழை என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைச் செய்யும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலை கோடிக்கணக்கில். மேலும் நாலைந்து ஆண்டு உழைத்து, கிட்டத்தட்ட 75,000 ரூபாயில் முடியும் எளிய இயந்திரத்தைச் செய்தார். முதல் இயந்திரம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டியபோது அவர்களே அதைத் தேசியப் போட்டிக்கு அனுப்பினார்கள், முதல் பரிசு கிடைத்தது. பிறகும் இயந்திரத்தைப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்காமல் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கே விற்றார். மனைவி பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தார்.

அந்தக் கருத்துத் தாள் சம்பவத்தை நாங்கள் மறக்கவில்லை. நம் தம்பியின் தாங்கியை "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் "சூப்பர் தம்பி" என்றுதான் சொல்வார்கள். மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம். அதனால் கேட்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வெளியில் படம் எடுத்துப் போடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு, மூன்று சமையல் மாஸ்டர்களிடம் தாங்கியைக் கொடுத்தோம். தம்பி ஓரமாக நின்று பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது, எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர் நிரப்பி மட்டும். பிறகே கொதிநீர்.

முதல் இடம் சிமெண்ட் தரை, பிரச்சினை இல்லை. இரண்டாவது தோப்பில் நடந்த வலீமா. மண் தரையில் தாங்கியின் ஒரு கால் மூன்று விரல் ஆழம் இறங்கி, முழுத் தேக்சாவும் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் யாருக்காக இதைச் செய்தாரோ அவர்களையே அது சுட்டிருக்கும். மூன்றாவது இடத்தில் வயதான மாஸ்டர் ஒருவர் தாங்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை வண்டியில ஏத்துறது யாரு?" என்று மட்டும் கேட்டார். எடை போட்டோம். 38 கிலோ. அடுப்புச் சூட்டில் கைப்பிடியும் தொட முடியாதபடி காய்ந்திருந்தது.

தம்பிக்கு இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு பட்டறைக்குப் போய், கால்களுக்கு அடியில் அகலமான தட்டுகள் வைத்தார், கனமான ஆங்கிளுக்குப் பதில் பைப் போட்டார், கைப்பிடிக்கு மர உறை மாட்டினார். எடை 24 கிலோவுக்கு வந்திருக்கிறது. ஏஜென்சியின் 85,000-க்குப் பதில் இதுவரை செலவானது 6,300 ரூபாய், இரும்புக் காசையும் சேர்த்து.

வாங்குபவர் யார்?

விலை என்ன வைப்பாய் என்று கேட்டபோது "6,000" என்றார். இரும்பு விலையை மட்டும் கணக்கிட்டிருக்கிறார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். இரும்பும் பைப்பும் 4,600. சாய்க்கும் கியர் 1,400. இரண்டு நாள் கூலி 1,800. தன் கூலியைக் கணக்கில் சேர்க்க மறப்பது நம் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு. பெயிண்ட், போல்ட் 500. கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி வாடகை, பழுதென்று திரும்பி வந்தால் சரிசெய்யும் செலவு என்று 700. அதற்கே 9,000 ஆகிவிட்டது. லாபம் 2,000 வைத்தால் 11,000. கடைக்காரர் வழியாக விற்றால் அவர் பங்கும், வரிக்குள் வந்தால் வரியும் இதன் மேல்.

11,000 ரூபாய் கொடுத்து ஒரு சமையல் மாஸ்டர் வாங்குவாரா? மூவரிடமும் கேட்டோம். மூவரும் சிரித்தார்கள். "இத்தனை வருஷம் சாக்கு வச்சுதானே சாய்ச்சோம்" என்றார் ஒருவர். இங்கே தம்பி மனம் உடைந்துபோனார். அப்போது அவருடைய தாய்தான் சொன்னார்: "தேக்சாவே வாடகைக்குத்தானே எடுக்கிறாங்க?"

நாங்கள் யாரும் யோசிக்காதது அது. தாங்கியைப் பயன்படுத்துபவர் மாஸ்டர். வாங்க வேண்டியவர் பாத்திர வாடகைக் கடைக்காரர். ஒரு கல்யாணத்துக்கு 300 ரூபாய் வாடகை என்று வைத்தால், 37 கல்யாணத்தில் கடைக்காரருக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டு வாடகைக் கடைகளில் பேசினோம். ஒருவர் "முதல்ல ஒண்ணு வச்சுப் பார்க்கிறேன், ஓடினா காசு தர்றேன்" என்றார். முன்பணம் கிடைக்கவில்லை. ஆனாலும் கடையில் இடம் கிடைத்தது.

பணம் எங்கே கிடைக்கும்?

நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் நிதி சிறியது. அது ஜகாத் அல்ல, பலர் நம்பிக் கொடுத்த அமானிதம். திரும்ப வர வேண்டும், அடுத்தவருக்குப் போக வேண்டும். எனவே மாதிரிப் பொருள் செய்ய 15,000 வரை, அதுவும் தவணையாக, இரும்புக் கடைக்கு நேராகக் கொடுப்பது என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம்.

அதைவிடப் பெரிய தொகைக்கு வெளியில் சில வழிகள் உண்டு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் நிதி பிரயாஸ் திட்டத்தில், மாதிரிப் பொருள் செய்ய 10 லட்சம் ரூபாய் வரை மானியமாகத் தருகிறார்கள். கடன் அல்ல என்பதால் வட்டிப் பேச்சும் இல்லை. இதற்கென அங்கீகாரம் பெற்ற தொழில் வளர்ப்பகங்கள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், போட்டியும் அதிகம். வண்டலூரில் உள்ள பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் கல்வி நிறுவனத்திலும் புதுத் தொழில்களை வளர்க்கும் மையம் இருக்கிறது. படிப்பு குறைந்த, கை அனுபவத்தால் கண்டுபிடிப்பவர்களுக்கென்றே குஜராத்தில் தேசியப் புத்தாக்க நிறுவனம் உள்ளது. மதுரையில் உள்ள சேவா அமைப்பு நெடுங்காலமாக இத்தகைய எளிய கண்டுபிடிப்புகளைத் திரட்டி வருகிறது.

மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சிறுபான்மையினருக்குச் சிறப்புப் பிரிவுச் சலுகை உண்டு. நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆனால் மீதி வங்கிக் கடன், அதற்கு வட்டி உண்டு. இதில் எப்படி முடிவெடுப்பது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து, நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடமும் கேட்டுச் செய்யுங்கள். நாங்கள் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில பொருட்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இல்லாமல் விற்கவே முடியாது. குக்கர், மின் இஸ்திரிப்பெட்டி போன்றவை அந்த வகை. 2021 ஜனவரியிலிருந்து குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களும் அதில் சேர்ந்துவிட்டன. மின்சாரமோ அழுத்தமோ குழந்தைகளோ சம்பந்தப்பட்ட யோசனை என்றால், முதல் வாரத்திலேயே இதை விசாரித்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் தற்காலிக விவரக் குறிப்பு தயாராகிவிட்டது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் படம் வரைய உதவினார். ஊரிலேயே ஒரு வழக்கறிஞர் மூலம் நல்ல முகவர் கிடைத்தார். "கவ்வியைப் பற்றி மட்டும் கேளுங்கள், சாய்ப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள்" என்று அவரும் அதையேதான் சொன்னார். வரும் வாரம் விண்ணப்பம் போகிறது, இன்ஷா அல்லாஹ். ஏஜென்சியிலிருந்து இன்னும் அழைப்பு வருகிறதாம். கெடுவை நான்கு முறை நீட்டியிருக்கிறார்கள், தொகையை 40,000 ஆகக் குறைத்தும் விட்டார்கள். தம்பி எடுப்பதில்லை.

வெந்த கால் ஆறி, மாமா திரும்பவும் சமையலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். அடுத்த மாதம் நம் தெருவில் நடக்கும் ஒரு வலீமாவுக்கு அவர்தான் மாஸ்டர். புதுக் கால் தட்டுகள் போட்ட தாங்கி அன்று முதல் முறையாகக் கொதிநீரோடு மண் தரையில் நிற்கப் போகிறது. இடுப்பளவு தகரத் தடுப்பு ஒன்றை முன்னால் வைத்த பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். மாமாவும் சரி என்றார். இதுபோன்ற யோசனை உங்கள் வீட்டில் இருந்தால், சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பொருளைக் கொண்டு வர முடிந்தால் கொண்டு வாருங்கள். நகை வேண்டாம்.